கோயில் படியும் ஓர் ஆய்வுக்கூடமே
மாணவச் செல்வங்களுக்குச் சில அறிவியல் தேடல்கள்

கல்விக்குக் கொடுப்பதைப் போன்ற கொடை வேறில்லை என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். கோயில் கட்டிய கைகளே பள்ளிக்கூடமும் கட்டின. இன்றும் நம் அன்பர்கள் ஆண்டுதோறும் உபகாரச் சம்பளம், பரிசுக் கேடயம், புத்தகப் பை என்று மாணவர்களுக்கு மனமுவந்து வழங்கி வருகிறீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் ஆசிரியனாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தக் கொடை இன்னொரு வழியிலும் பயன்பட வேண்டும் என்ற ஆசையால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நம் பிள்ளைகள் அறிவியலில் மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆனால் அறிவியல் செய்கிறார்களா? அறிவியல் கண்காட்சிகளுக்கு நடுவராகப் பலமுறை சென்றிருக்கிறேன். சோடா உப்பும் புளிக்காடியும் கலந்து பொங்கும் எரிமலையை எத்தனையோ மேசைகளில் பார்த்துவிட்டேன். “இதில் நீ புதிதாக என்ன கண்டுபிடித்தாய், கண்ணு?” என்று கேட்டால், பிள்ளை பின்னால் நிற்கும் அப்பாவின் முகத்தைப் பார்க்கும். விடை முன்பே தெரிந்த ஒன்றைச் செய்து காட்டுவது வேடிக்கை. விடை தெரியாத ஒன்றை அளந்து பார்ப்பதுதான் ஆய்வு.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும், பி.டி.3 தேர்வு 2022-இலும் நீக்கப்பட்டுவிட்டன. பள்ளி அளவிலான மதிப்பீட்டுக்கு இடம் கூடியிருக்கிறது. ஆனால் பல வீடுகளில், காலியான அந்த இடத்தை இன்னொரு டியூஷன் வகுப்பு பிடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் பாதியையாவது பிள்ளைகளின் கேள்விகளுக்கு ஒதுக்கலாம். அதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. பினாங்கில் நாம் அன்றாடம் புழங்கும் இடங்களே போதும். ஆறு தேடல்களை இங்கே விளக்குகிறேன்.

1. நண்பகல் எத்தனை மணிக்கு?

“பன்னிரண்டு மணிக்கு” என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சியை வெட்டவெளியில் செங்குத்தாக நட்டு, பகல் 12 மணியிலிருந்து 2 மணி வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். நிழல் மிகக் குறுகும் நேரமே உண்மையான நண்பகல். பினாங்கில் அது ஆண்டுச் சராசரியாக 1.19-க்கு வருகிறது. பிப்ரவரி நடுவில் 1.33 வரை தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் 1.02-க்கே வந்துவிடும்.

ஏன் இப்படி? நம் கடிகாரம் பிலிப்பைன்ஸ் பக்கமாகச் செல்லும் 120 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. பினாங்கோ ஏறக்குறைய 100 பாகையில் இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது. ஆக, இருபது பாகைக்கு ஏறத்தாழ எண்பது நிமிடம். சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றுபடுவதற்காக 1982 ஜனவரி முதல் நாளில் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டதை மூத்த அன்பர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள்.

இதில் நம் வழிபாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ராகு காலம் என்பது சூரியன் உதித்து மறையும் வரையிலான பகலை எட்டாகப் பிரித்துக் கணிப்பது. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்பது, காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் என்று வைத்துக்கொண்ட கணக்கு. பினாங்கில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணிக்குப் பிறகே உதிக்கிறது. வீட்டில் தொங்கும் நாட்காட்டி எந்த ஊர்ச் சூரியோதயத்தை வைத்துக் கணித்தது என்று பிள்ளைகள் பார்க்கட்டும். பிறகு நம் ஊர் உதயத்தையும் மறைவையும் குறித்து, தாங்களே எட்டாக வகுத்துப் பார்க்கட்டும். வகுத்தல் கணக்குக்கு இதைவிடச் சுவையான பயிற்சி கிடையாது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஜொகூர் பாருவில் உறவினர் இல்லாத குடும்பம் குறைவு. டிசம்பர் 21 வாக்கில் இரண்டு ஊரிலும் ஒரே நாளில், அவரவர் நண்பகலில், ஒரு மீட்டர் குச்சியின் நிழலை அளக்கட்டும். பினாங்கில் நிழல் சுமார் 55 செ.மீ. இருக்கும், ஜொகூர் பாருவில் சுமார் 46½ செ.மீ. இவற்றைக் கோணமாக மாற்றினால் ஏறத்தாழ 3.9 பாகை வேறுபாடு கிடைக்கும். வரைபடத்தில் இவ்விரு ஊர்களுக்கும் இடையே வடக்குத் தெற்காக உள்ள தூரம் சுமார் 436 கிலோமீட்டர். 3.9 பாகைக்கு 436 என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? சுமார் 40,000 கிலோமீட்டர். அதுதான் பூமியின் சுற்றளவு! எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தில் இதே முறையில் உலகை அளந்தார். நம் பிள்ளைகள் மாமா வீட்டுத் தொலைபேசித் துணையோடு அளக்கலாம்.

2. ‘ஐந்து மணி’ மரம்

தூங்குமூஞ்சி மரத்தை அறியாதவர் இல்லை. சாலையோரத்திலும் திடல்களிலும் குடை விரித்து நிற்கும் இம்மரம் தென் அமெரிக்க, நடு அமெரிக்க மண்ணிலிருந்து வந்தது. மாலையில் இலைகளை மடித்துக்கொள்வதால் மலாய்க்காரர்கள் இதைப் ‘புக்குல் லீமா’, அதாவது ‘ஐந்து மணி’ என்றும் அழைக்கின்றனர்.

கேள்வி இதுதான்: மரம் உண்மையிலேயே ஐந்து மணிக்கு மடிக்கிறதா? ஒரே மரத்தின் ஒரே கிளையை நான்கு வாரங்கள் தினமும் மாலை 4.30 முதல் 7.30 வரை கவனித்து, இலை மடியத் தொடங்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். அன்று வானம் தெளிவா, மூட்டமா, மழையா என்பதையும் உடன் எழுத வேண்டும். முதல் தேடலைச் செய்த பிள்ளைக்கு இங்கே ஒரு பொறி தட்டும். சூரியனைக் கொண்டு நேரம் பார்த்தால், பினாங்கின் பழைய ‘ஐந்து மணி’ இன்றைய கடிகாரத்தில் ஏறக்குறைய 6.19. மரம் மனிதர் மாற்றிய கடிகாரத்தைக் கேட்கிறதா, சூரியனைக் கேட்கிறதா என்பதைக் குறிப்பேடு சொல்லிவிடும்.

என் மாணவி ஒருத்தி, “இருட்டினால்தான் மூடும், சார்” என்று அடித்துச் சொல்லிவிட்டு இந்தத் தேடலைத் தொடங்கினாள். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், நல்ல வெளிச்சம் இருக்கும்போதே இலைகள் மடியத் தொடங்கின. சற்று நேரத்தில் மழை வந்தது. தன் கருத்துக்கு எதிரான அந்த ஒரு நாளை அவள் அழிக்காமல் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தாள். அந்தச் சிவப்பு வட்டத்துக்குத்தான் நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

இலைக்காம்பின் அடியில் புடைத்த மூட்டு ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கத்து உயிரணுக்களிலிருந்து நீர் வெளியேறும்போது இலை மடிகிறது. தொட்டாற்சிணுங்கியும் இதே வகையில்தான் சுருங்குகிறது. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம்.

3. தண்ணீர்மலைப் படிகள்

தைப்பூசத்தன்று காவடி ஏறும் தண்ணீர்மலைக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். நாம் எல்லோரும் ஏறியிருக்கிறோம். அந்த மலைக்கோயில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று எத்தனை பேர் அளந்திருக்கிறோம்? ஓர் அடிக்கோலை வைத்துப் பத்து இடங்களில் படியின் உயரத்தை அளந்து, சராசரி கண்டு, படிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் போதும். எடுத்துக்காட்டாக, ஒரு படி 15 செ.மீ. என்றால் 500 படிக்கு 75 மீட்டர்.

அடுத்தது நாடித்துடிப்பு. ஏறுவதற்கு முன் மணிக்கட்டில் விரல் வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். உச்சியில் ஒருமுறை, பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை, பழைய நிலைக்குத் திரும்பும்வரை எண்ண வேண்டும். தாத்தாவுக்கு எத்தனை நிமிடம், பேரனுக்கு எத்தனை நிமிடம், தினமும் பந்து விளையாடும் அண்ணனுக்கு எத்தனை நிமிடம்? விரைவில் திரும்பும் நாடி, உடல் நலத்துக்கு ஓர் அடையாளம். இதைக் கூட்டம் இல்லாத காலை வேளையில், பெரியவர் துணையோடு செய்ய வேண்டும். ஆஸ்துமா, இருதயக் கோளாறு உள்ளவர்கள் கணக்கெழுதும் பொறுப்பை ஏற்கலாம்.

இதிலிருந்து ஓர் ஆச்சரியமான கணக்கு பிறக்கும். 40 கிலோ எடையுள்ள பிள்ளை 75 மீட்டர் ஏறச் செய்யும் வேலை 29,400 ஜூல், அதாவது சுமார் 7 கிலோகலோரி. நம் தசைகள் உணவின் ஆற்றலில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன. ஆகவே உடல் செலவிடுவது ஏறக்குறைய 30 கிலோகலோரி. இரண்டு சிறு தேக்கரண்டிச் சர்க்கரையில் அவ்வளவு இருக்கிறது! கீழே இறங்கியதும் நாம் அருந்தும் ஒரு குவளை தே தாரேக் இதைவிட மிக அதிகம் தருகிறது. நீரிழிவு நோய் நம் சமூகத்தை வாட்டும் நாளில், பிள்ளை தானே போட்ட இந்தக் கணக்கு மருத்துவரின் அறிவுரையைவிட வீட்டில் எடுபடும் என்று நம்புகிறேன்.

கொடிமலைக்குச் செல்லும் குடும்பங்கள் ஒரு வெப்பமானியையும் எடுத்துச் செல்லலாம். மலையில் நூறு மீட்டருக்குச் சுமார் 0.6 பாகை செல்சியஸ் வெப்பம் குறையும். இரயில் நிற்கும் மேல்நிலையம் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் உள்ளது. நான்கு பாகைக்கு மேல் குறைகிறதா என்று நிழலில் வைத்து அளந்து பார்க்கட்டும். மேலே எழுந்தருளியிருக்கும் முருகனையும் அப்படியே சேவித்து வரலாம்.

4. மழையை லிட்டரில் எண்ணுவோம்

அடிமுதல் மேல்வரை ஒரே அகலமுள்ள நேரான புட்டி ஒன்றை வெட்டவெளியில் வைத்து, தினமும் காலை ஒரே நேரத்தில் நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் குறித்தால் அதுவே மழைமானி. குறித்ததும் நீரைக் கொட்டிவிட வேண்டும். தேங்கவிட்டால் ஏடிஸ் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டியதாகும். பினாங்கில் ஆண்டின் தொடக்கம் வறண்டது. செப்டம்பர், அக்டோபரில் மழை மிகுதி. இந்த வேறுபாட்டை ஓராண்டுக் குறிப்பு அழகாகக் காட்டும்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். 200 சதுர மீட்டர் கூரையுள்ள மண்டபத்தில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,000 லிட்டர். அது எங்கே போகிறது? கால்வாய்க்கு. அன்னதான நாளில் பாத்திரம் கழுவவும், பிராகாரம் அலசவும் எவ்வளவு நீர் செலவாகிறது என்று நீர்மானியைப் பார்த்துக் குறித்து, இரண்டையும் ஒப்பிடலாம். பினாங்கு மாநிலம் தன் நீரில் பெரும்பகுதியை மூடா ஆற்றிலிருந்து பெறுகிறது. அந்த ஆற்றின் மேற்பகுதி கெடா மாநிலத்தில் உள்ளது. குழாயில் வரும் நீர் நம் வீட்டில் பிறப்பதில்லை என்பதைப் பிள்ளைகள் இளமையிலேயே அறிவது நன்று. எந்தக் கோயில் நிர்வாகமும் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மழைநீர்த் தொட்டி கட்டுவது பற்றி முடிவெடுக்கலாம்.

5. மிருதங்கத்தின் கரணை

மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பாக ஒட்டியிருக்கும் கரணை எதற்கு? அழகுக்கா? சாதாரணமாக இழுத்துக் கட்டிய தோலை அடித்தால் எழும் பல அதிர்வுகள் ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. ஆகவே அது இசையாக ஒலிக்காமல் வெறும் சத்தமாக ஒலிக்கிறது. நடுவில் பாரம் சேர்க்கும்போது அந்த அதிர்வுகள் ஒன்று, இரண்டு, மூன்று என்ற விகிதங்களுக்கு நெருங்கி வந்து சுருதி பிறக்கிறது. இதை ஆராய்ந்து 1920-இல் ‘நேச்சர்’ என்ற அறிவியல் இதழில் எழுதியவர் சர் சி. வி. இராமன். நம் கைவினைஞர்கள் காதால் கண்டறிந்த இரகசியத்தை அவர் கணக்கால் விளக்கினார்.

அவரே 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது, கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்வியில் ஆழ்ந்தார். வானத்தின் நிறம் நீரில் தெரிவதுதான் காரணம் என்று பெரிய அறிஞர்கள் சொன்னதை அப்படியே ஏற்காமல், கையிலிருந்த சிறு பட்டகத்தை வைத்துச் சோதித்தார். அந்தக் கேள்வியின் தொடர்ச்சியே 1928-இல் இராமன் விளைவாகவும், 1930-இல் நோபல் பரிசாகவும் மலர்ந்தது. கப்பல் தளத்தில் நின்று கடலைப் பார்த்தவர் ஆயிரக்கணக்கானோர். சோதித்துப் பார்த்தவர் ஒருவர்.

நம் பிள்ளைகள் கோயிலில் மிருதங்கம் பயில்கிறார்கள். இடந்தலையில் ரவைப் பசை ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒலியைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து, ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலியில் ஒப்பிடலாம். பசை கூடக் கூட ஒலி எப்படி மாறுகிறது? காய்ந்த பின் என்ன ஆகிறது? குருவின் அனுமதியோடு, குருவையும் சேர்த்துக்கொண்டே இந்த ஆய்வைச் செய்யட்டும்.

6. பாட்டி சொன்ன ஊர்

அளவுகோலால் அளக்க முடியாத தேடல் ஒன்றும் உண்டு. அது நம் வரலாறு. ‘ரஜூலா’ கப்பல் 1926 முதல் 1973 வரை கடலில் இருந்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி அதில் பினாங்கில் வந்திறங்கியவர்கள் இன்று மிகச் சிலரே நம்மிடையே உள்ளனர். எந்த ஊர், எந்த ஆண்டு, முதலில் எந்தத் தோட்டம், பெட்டியில் என்ன கொண்டு வந்தார்கள், தோட்டத்துக் கோயிலில் எந்தத் தெய்வம் என்று பத்துக் கேள்விகளை எழுதிக்கொண்டு பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் உட்காரட்டும். சொன்னதைச் சொன்னபடியே பதிவு செய்யட்டும். பிறகு பிறப்புப் பத்திரம், பழைய கடப்பிதழ், புகைப்படத்தின் பின்பக்கம் ஆகியவற்றோடு ஒத்துப் பார்க்கட்டும். நினைவையும் சான்றையும் ஒப்பிடுவதும் அறிவியல் முறைதான்.

தோட்டங்களுக்கு நம்மவர் வைத்த தமிழ்ப் பெயர்கள் பல எந்த வரைபடத்திலும் இல்லை. தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறிவிட்ட நிலையில், அப்பெயர்கள் முதியோரின் நாவில் மட்டுமே உயிரோடிருக்கின்றன. கோயில்களிலுள்ள பழைய கொடையாளர் பலகைகளும் அப்படியே. திருப்பணியின்போது கழற்றி வைத்த பலகை பிறகு எங்கே போகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. அதைப் படமெடுத்து, பெயர், ஆண்டு, தொகை, சொந்த ஊர் என்று அட்டவணையாக்கினால் ஒரு சிற்றூரின் வரலாறே கிடைத்துவிடும்.

சற்றுத் தொலைவில் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. இராஜேந்திர சோழன் சுமார் 1025-இல் படையெடுத்த கடாரம் இப்பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து. மெர்போக் அருங்காட்சியகத்தில் பழங்கோயில்களின் அடித்தளங்களைக் காணலாம். தோண்டுவதும் கல்லை எடுப்பதும் நம் வேலையல்ல. பார்த்து, வரைந்து, திசையையும் கற்களின் வகையையும் குறித்து வருவதே மாணவர் வேலை. அப்பள்ளத்தாக்கில் ஒரு பழங்கோயிலின் எச்சம் மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டதாக 2013-இல் செய்தி வந்தபோது பலரும் வருந்தினோம். பதிவு செய்யப்படாதது அழிந்தால், அது இருந்தது என்பதற்கே சாட்சி இருக்காது.

குறிப்பேட்டுக்கு நான்கு விதிகள்

எந்தத் தேடலானாலும் நான்கு விதிகளைப் பிள்ளைகள் கடைப்பிடிக்க வேண்டும். முதலாவது, கேள்வி ஒரே வரியில், அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டாவது, அளப்பதற்கு முன்பே தன் ஊகத்தைத் தேதியிட்டு எழுத வேண்டும். மூன்றாவது, ஒருமுறை அளந்ததை நம்பாமல் மூன்று முறையாவது அளக்க வேண்டும். ஒன்றை மாற்றும்போது மற்றவற்றை மாற்றக் கூடாது. நான்காவது, ஊகத்துக்குப் பொருந்தாத எண்ணை அழிக்கவே கூடாது. இந்த நான்காம் விதி அறிவியலுக்கு மட்டும் உரியதன்று, வாய்மைக்கும் உரியது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். விடையைச் சொல்லிவிடாதீர்கள். “நீயே அளந்து பார்த்து எனக்குச் சொல்” என்று சொல்லுங்கள். படிப்பறியாத தாயும் இந்த ஒரு வாக்கியத்தால் நல்ல அறிவியல் ஆசிரியை ஆகிவிடலாம்.

கொடையாளப் பெருமக்களுக்கு

ஒரு குறிப்பேடு, ஓர் அளவுநாடா, ஒரு வெப்பமானி, ஒரு திசைகாட்டி, ஒரு பூதக்கண்ணாடி. இவற்றை ஒரு பையில் போட்டுக் கொடுத்தால் ஒரு பிள்ளையின் ஆய்வுக்கூடம் தயார். ஒரு பெரிய கேடயத்துக்கு ஆகும் செலவில் இப்படிச் சில பைகளை வாங்கிவிடலாம். கேடயம் ஒரு பிள்ளைக்குப் போகும். பைகள் பல பிள்ளைகளுக்குப் போகும். பரிசு வழங்கும்போது பளபளப்பான மாதிரிக்குக் கொடுக்காமல், நேர்மையாக நிரப்பிய குறிப்பேட்டுக்குக் கொடுங்கள். அப்போது வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்பார்கள். நிழலை அளக்கும் குச்சிக்கு ஏழை, பணக்காரன் என்ற பேதம் தெரியாது.

கோயில் மண்டபங்கள் வார நாட்களின் மாலையில் பெரும்பாலும் காலியாகவே இருக்கின்றன. மாதம் ஒருமுறை அங்கே பிள்ளைகளைக் கூட்டி, அவரவர் குறிப்பேட்டைப் படிக்கச் செய்யலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் என்னைப் போல் பலர் இருக்கிறோம், அழைத்தால் வருவோம். ஓராண்டு மழைக் குறிப்பும், ஒரு மரத்தின் நேரக் குறிப்பும், ஒரு பாட்டியின் வாய்மொழியும் அடுத்தடுத்த ஆண்டு மலர்களில் மாணவர் பெயரோடு அச்சேறினால், அந்தப் பிள்ளை அதை வாழ்நாள் முழுவதும் பத்திரமாக வைத்திருக்கும். நம் சமூகத்துக்கும் அது ஆவணமாகும்.

அறிவே இறைவன் தந்த பெருஞ்செல்வம். அதை வளர்க்கும் பணியும் திருப்பணியே. நம் பிள்ளைகள் கேட்கவும், அளக்கவும், கண்டதைக் கண்டபடி சொல்லவும் துணிவு பெற எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக. வாழ்க வளமுடன்.